கித்தான் படுதா

குத்தாலம்,
12.11.1967

அன்புள்ள நஃபீசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் கால்வலி தேவலையா? இங்கே நானும் குதிரையும் சுகமாக, ஈரமாக இருக்கிறோம்.

பதினோரு நாளாக மழை விடவில்லை. லாயத்துக் கீற்று ஒழுகி, மஸ்தானுக்குக் குளம்பெல்லாம் ஊறிப்போய்விட்டது. வேப்பெண்ணெய் தடவுகிறேன்.

நேற்று மிராசுதாரின் காரியக்காரர் வந்தார். மழையில் சாய்ந்து கிடக்கும் குறுவை அறுவடைக்கு, கூலி உயர்வு கேட்டு இவ்வூர் ஆட்கள் போகவில்லை. அதனால் ரயிலில் வரும் வெளியூர் ஆட்களை நான் என் வண்டியில் வயலுக்குக் கொண்டுபோக வேண்டுமாம்.

"படுதாவ எறக்கி விட்டுடு. உள்ள கோஷாப் பொம்பளைங்கன்னு எவனும் எட்டிப் பாக்க மாட்டான். ஒன் குதிரைய எங்க ஓட்டுக் கொட்டகையில கட்டிக்க" என்றார். இந்த வருஷம் ஆட்சியே மாறிவிட்டது, இவர் தோரணை மட்டும் மாறவில்லை.

"எங்க பொம்பளைங்க மானத்துக்குக் கட்டுன படுதாங்க இது" என்று சொல்லி, அவர் கண்ணெதிரே அந்தக் கித்தானைக் கழற்றி மஸ்தானுக்குக் கூரையாகக் கட்டினேன். இன்னும் ஒரு மாதம் பெய்யட்டும், பார்த்துவிடலாம்!

பயப்படாதே, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். தபால் எடுக்கும் நேரம், முடிக்கிறேன். படுதா இல்லாத வண்டியில் நம் பெண்கள் ஏற மாட்டார்கள். உன் பழைய நீலச் சேலையை வேதாரண்யம் பஸ்ஸில் கொடுத்தனுப்பு. துவைத்தால் இந்த மழையில் காயாது. துவைக்காமலே அனுப்பு.

மூஸா