தேவராஜாவுக்காக நிரப்பிய நாற்பது ரவை

கிரவீன், சிட்னி
திங்கட்கிழமை

அன்புள்ள பிள்ளை பார்கவிக்கு,

அருந்தவன் மாமா எழுதிக்கொள்வது. நானும் விமலா மாமியும் சுகம். மெல்பேர்ண் குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் இடையில் சிரித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளப்பின் துப்பாக்கி சுடும் போட்டியில் உன் அப்பாவை நான் தோற்கடிக்கப் போகிறேன். சும்மா தோற்கடிப்பது இல்லை. தேவராஜாவுக்கு ஒரு மாதம் சோறு இறங்கக் கூடாது.

உன் அம்மா அவர் பக்கத்தைச் சொல்லியிருப்பா. என் பக்கத்தையும் கேள். ஹரிப்பிரியாவின் கல்யாண வீட்டில், எண்ணூறு மீற்றரில், புயல் காற்றில், நான் நடுப்புள்ளியை அடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இருநூறு பேர் வாய் பிளந்து கேட்டார்கள். உன் அப்பா வடையைக் கடித்தபடி, "அண்ணை, அது முந்நூறு மீற்றர். காத்தும் இல்லை" என்றார். சனம் சிரித்தது. மணவறையில் இருந்த மாப்பிள்ளையும் சிரித்தான். அன்றோடு பேச்சை விட்டேன். ஐந்து மாதம்.

பழி வாங்குவது லேசான வேலை இல்லை, பிள்ளை. கடையில் வாங்கும் துப்பாக்கி ரவை ஒன்று போல் ஒன்று போகாது. சுட்டு முடிந்த வெறும் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து வீட்டில் நாமே வெடிமருந்தும் குண்டும் நிரப்பினால்தான் நினைத்த இடத்தில் போய் விழும். கோது கழுவுவதும், மெழுகு துடைப்பதும், கழுத்தை அளவுக்கு வெட்டுவதும் வெறும் தண்டனை. நூறு கோதுக்கு நூறு தடவை அதே வேலை. இடுப்பு போய்விடும். ஆனால் கடைசியில் அச்சுப் பொறியின் கைப்பிடியை இழுக்க, குண்டு கோதின் வாயில் மெல்ல வந்து அமரும் பார், அந்தச் சுகமே தனி. கிளப் தலைவர் ஒருமுறை என் ரவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கண் கலங்கினார். தூசி விழுந்தது என்று உன் அப்பா சொல்வார். நம்பாதே.

பதினொரு வருடம் இதை நாங்கள் இரண்டு பேராகத்தான் செய்தோம். நான் மருந்து நிரப்புவேன். அவர் எதிர்க் கதிரையில் இருந்து, ஒவ்வொரு கோதுக்குள்ளும் டோர்ச் அடித்துப் பார்த்து, மருந்து சரியாக இருந்தால் "ஓம்" என்பார். ஓம் வராமல் குண்டு வைப்பதில்லை.

போன மாதப் போட்டிக்குத் தனியாக நிரப்பிக் கொண்டுபோனேன். ஏழாவது வெடி வெறும் 'டிக்' என்றது. அந்தக் கோதில் மருந்தே போடவில்லை. கோதின் அடியில் இருக்கிற கேப்பு மட்டும் வெடித்துத் தள்ள, குண்டு துப்பாக்கிக் குழலுக்குள் சிக்கி நின்றது. நிரப்பும்போது எண்ணூறு மீற்றர் கதையைக் கனடாவுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன், வேறொன்றுமில்லை. பக்கத்தில் படுத்துக் குறிபார்த்துக்கொண்டிருந்த உன் அப்பா தலையைத் திருப்பி, "என்ன அண்ணை, எண்ணூறு மீற்றரும் குழலுக்கையே முடிஞ்சுதோ?" என்றார். ஐந்து மாதத்தில் என்னோடு பேசிய ஒரே பேச்சு அது. அடுத்ததையும் சுட்டிருந்தால் குழல் வெடித்துக் கை போயிருக்கும் என்று பொறுப்பாளர் சொன்னார். நான் பயப்படவில்லை. திரும்பி வரும்போது மாமி கார் ஓட்டினாள், அவ்வளவுதான்.

இந்த முறை போனை வீட்டுக்குள் வைத்துவிட்டு, கராஜைப் பூட்டிக்கொண்டு நாற்பது ரவை நிரப்பியிருக்கிறேன். நானே நிரப்பி நானே ஓம் சொன்னேன். என் ஓமில் எனக்கே நம்பிக்கை வரவில்லை. மாமியைக் கூப்பிட்டேன். அவள் உள்ளே பார்க்காமலே ஓம் என்றாள். பிறகு எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்கினேன்.

நேற்று கடையில் மாமி உன் அம்மாவைக் கண்டாளாம். உன் அப்பாவும் தனியாகத்தான் நிரப்புகிறாராம். இடக்கண்ணில் படலம் விழுந்து ஆறு கிழமையாம். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

கேட்டதும் எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குழல் வெடித்துக் கையில் கட்டோடு நிற்கிற மனுசனைத் தோற்கடித்து எனக்கென்ன பெருமை? பத்து விரலோடும் இரண்டு கண்ணோடும், என் பக்கத்தில் படுத்து அவர் தோற்க வேண்டும்.

ஆகையால் உன் அப்பாவைச் சனிக்கிழமை காலை கோதுகளைத் தூக்கிக்கொண்டு என் கராஜுக்கு வரச்சொல்லு. நான் கேட்டதாகச் சொல்லாதே, உனக்கே தோன்றியதாகச் சொல்லு. அவர் கதிரையில் பழைய பேப்பர் அடுக்கியிருந்தது. இன்று எடுத்துவிட்டேன். இந்த முறை நான் ஓம் சொல்கிறேன்.

வரமாட்டேன் என்று அடம்பிடித்தால், முந்நூறு மீற்றர்தான் என்று அண்ணை ஒத்துக்கொண்டார் என்று சொல்லு. காற்று மட்டும் இருந்தது.

நோய் நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், பிள்ளை. உன் அப்பாவும்.

இப்படிக்கு,
அருந்தவன் மாமா