குளிப்பாட்டிய பதிவேடு

மதிப்பிற்குரிய தார்மி அக்காவுக்கு,

சுமியாத்தி வணக்கத்துடன் எழுதுகிறேன். செமாராங்கில் விடாத மழையாமே, முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. உங்கள் தம்பி விடவில்லை.

ஊர்த்தலைவர் பதவியிலிருந்து இறங்கியும் ஊர் நிலப் பதிவேட்டை வீட்டிலேயே வைத்திருக்கிறாரே, டச்சுக்காரன் காலத்துப் புத்தகம், அதனால் வந்த வினை. பழைய அரசாங்க ஆவணங்களை மாவட்டக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும், கெடுத்தால் சிறை என்று சட்டமே இருக்கிறதாம். கேட்டுக் கேட்டுக் கடிதம் வந்தது. இவர் அதன்மேல் காப்பி டம்ளரை வைத்தார்.

பிறகு லிலிக் என்ற பெண் அதிகாரி காப்பகத்திலிருந்து நேரிலேயே வந்தாள். தன்மையான பெண். "அங்க ஏசி ரூம்ல பத்திரமா இருக்கும் ஐயா" என்றாள். இவர், "ஏசி போட்டா ஆச்சா? வியாழக்கிழமை சாயங்காலம் பூ வைக்க அங்க யாரு இருக்கா? எங்கப்பா கையால வாங்கின குலச்சொத்தும்மா இது" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

புது வருடம் திரும்பிச் சுரோ மாதம் பிறந்ததும், எல்லா வீட்டிலும் குலச்சொத்துகளைக் கழுவுவதுபோலக் கிரிஸ் கத்திக்கு எலுமிச்சை தேய்த்துப் பூத்தண்ணீர் ஊற்றிக் கழுவினார். கத்தியோடு நிறுத்தியிருந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்? "பதிவேடும் குலச்சொத்துதானே, அத மட்டும் விட்டா கோவிச்சுக்காதா?" என்று அதையும் எடுத்தார். "அது காகிதங்க, இரும்பு இல்ல!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "அட்டைக்கு மட்டும்தாண்டி" என்றார். தண்ணீருக்கு அட்டை எது, பக்கம் எது என்று தெரியுமா? பாதிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. மை ஓடிவிட்டது.

அவருக்குத் தெரியாமல் நானே லிலிக்குக்குப் போன் செய்தேன். "உடனே பிளாஸ்டிக்ல சுத்தி பிரீசர்ல வைங்கக்கா. பூஞ்சை பிடிச்சா யாராலயும் காப்பாத்த முடியாது. திங்கக்கிழமைக்குள்ள அவரே கொண்டாந்து குடுத்தா, தெரியாம நடந்ததுன்னு எழுதிக்கிறேன். இல்லேன்னா போலீசோடதான் வரணும்" என்றாள். மீனையெல்லாம் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு அதை உள்ளே வைத்தேன்.

இப்போது இவர் பிரிட்ஜுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். சோறும் அங்கேதான். காய்ந்ததும் கொடுக்கலாம் என்கிறார். பிரீசரில் எது காயும், அக்கா? எல்லாம் வெட்கம். "அப்பா காப்பாத்தினத நான் கெடுத்துட்டேனே" என்று ஒரே ஒரு தடவை சொன்னார், அதுவும் பிரிட்ஜைப் பார்த்து.

நானே தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். எனக்கென்ன பயம்? ஆனால் அவர் கையால் கொடுக்காவிட்டால் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடுங்கள். வந்ததும் வாயாரத் திட்டுங்கள். நான் திட்டித் திட்டி அவர் காது மரத்துவிட்டது. திட்டி முடித்தபின், அப்பா இருந்திருந்தாலும் கொடுத்துத்தான் இருப்பார் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பொய்யானாலும் பரவாயில்லை. நீங்கள் சொன்னால் நம்புவார்.

உங்கள் முழங்காலுக்கு இறைவன் பலம் தரட்டும்.

பணிவுடன்,
உங்கள் தம்பி மனைவி
சுமியாத்தி