ஜீப்பில் ஏற முடிகிறதா?

அக்கா,

இன்று மதுரையில் கூட்டத்தின் நடுவே டீ வந்தது. ஏலக்காயைத் தட்டிப் போட்டிருந்தார்கள். அந்த வாசத்தில் போடியில் நம் வீடும் காய் உலர்த்தும் அறையும் நீயும் வந்துவிட்டீர்கள். குடிக்க முடியாமல் கீழே வைத்துவிட்டேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்களுக்குக் கூடுதல் புரதம் கொடுத்துப் பார்க்கும் புதிய ஆய்வு. பலன் கிடைத்ததா என்று எதை வைத்துச் சொல்வது? அதை முடிவு செய்யத்தான் கூட்டம்.

இதற்கு முந்தைய ஆய்வில் நீயும் இருந்தாய். நிமோனியாவில் நினைவில்லாமல் கிடந்த உன்னைச் சேர்க்க, அதே ஆஸ்பத்திரியில் உணவியல் நிபுணராக இருந்த என் பேச்சை நம்பித்தான் அத்தான் சம்மதித்தார். மூக்குக் குழாய் வழியே உணவு போனது. எடை கூடியது. "அக்கா தேறிட்டா அத்தான்!" என்று துள்ளினேன். பச்சைக் காயின் எடை உலர்ந்தால் நிற்காது என்பது ஏலக்காய் வீட்டில் பிறந்த எனக்குத் தெரியாதா? உன் உடம்பில் ஏறியிருந்தது வெறும் நீர். வீக்கம் வடிந்தபோது தொடையில் சதையே இல்லை.

உயிரோடு வீடு திரும்பினாய். குரங்கணிக்கு மேலே மலையில் இருக்கும் நம் ஏலத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் உன் ஒரே ஆசை. மலைக்குப் போகும் ஜீப்பின் பின்படியில் ஒரே எட்டில் ஏறுகிறவள், கம்பியைப் பிடித்தபடி நின்றாய். கால் எழவில்லை. தோட்டத்துப் பெண்கள் தூக்க வந்தார்கள். "என்னைய என்ன லோடா ஏத்துறீக? விடுங்கத்தா" என்று சிரித்துக்கொண்டே வந்து படுத்துவிட்டாய்.

அந்த வாரம் ஆய்வுக் குழுவிலிருந்து உன் போனுக்கு அழைப்பு வந்தது. நான் எடுத்தேன். நோயாளி உயிருடன் இருக்கிறாரா என்று கேட்டார்கள். இருக்கிறார் என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள்.

கட்டிலிலிருந்து நீ கேட்டாய்: "அம்புட்டுத்தானா? வேற ஒண்ணும் கேக்கலையா பாப்பா?"

மலை ஏறாமலே, அடுத்த மழைக்கு முன் போய்விட்டாய். அந்த ஆய்வில் நீ இன்னமும் வெற்றிதான்.

இன்றும் எல்லோரும் உயிர் இருக்கிறதா என்பதையே பார்க்கலாம், அதில்தான் குழப்பமில்லை என்றார்கள். நான் கையைத் தூக்கி, "ஜீப்பில் ஏற முடிகிறதா என்று கேட்கலாமே" என்றேன். சிரித்தார்கள். கூடச் சேர்ந்து நானும் சிரித்துவிட்டேன், அக்கா. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

கூட்டம் நாளையும் இருக்கிறது. அவர்கள் முடிவை எழுதும்போது, "அம்புட்டுத்தானா?" என்று நான் கேட்க வேண்டும். உன் குரல் எனக்கு வராது. சிரிக்காமல் கேட்டால் போதும்.