உயிரோடிருக்கும்போதே வந்த இரங்கல்

ஹெப்டன் பிரிட்ஜ்
4 மார்ச் 1996

டெஸ்மண்டு,

'அன்புள்ள' என்று போட இன்றைக்கு மனசு வரவில்லை.

உங்கள் பத்திரிகைக்கு நான் எழுதிய மதிப்புரையின் புரூஃபை அனுப்பியிருந்தாய், நன்றி. அதோடு பின் அடித்திருந்த அடுத்த தாளில் நான் செத்துப்போயிருந்தேன். நாலு பேருக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் முன்கூட்டியே இரங்கல் எழுதி அலமாரியில் வைப்பீர்கள் என்று தெரியும். நானும் பத்திரிகையில் குப்பை கொட்டியவள்தானே. எழுதியது நீ என்பதுதான் வயிற்றெரிச்சல்.

"திருமணத்தை முன்னிட்டு நிருபர் பணியிலிருந்து விலகினார். கணவர் பேராசிரியர் ரூபர்ட்டின் வழிகாட்டுதலில் வரலாற்று நூல்கள் எழுதினார்." யார் விட்ட கதை இது? ரூபர்ட்டுக்குச் சமையலறையில் கெட்டில் எங்கே இருக்கிறது என்றே நான்தான் வழிகாட்ட வேண்டும்.

மறந்துவிட்டதா? நூற்பாலைத் தீயில் பதினோரு பெண்கள் செத்தார்கள். கதவு வெளியே பூட்டியிருந்தது. அதை நான் எழுதிக் கொடுத்தேன். நம் பழைய மாலைப் பத்திரிகையின் ஆசிரியர் டக்வொர்த் முழுதும் படித்துவிட்டு, வேண்டாத தாள்களைக் குத்தும் மேசைக் கம்பியில் அதையும் குத்தினார். "மில்லுக்காரர் நம்மாளும்மா. போயி மலர்க் கண்காட்சியப் பாத்துட்டு வா" என்றார். அப்போதே கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியேறினேன். கல்யாணம் ஆனது அதற்கு ஆறு வருஷம் கழித்து. அந்தப் பெண்களைப் பற்றித்தான் என் முதல் புத்தகம். இரங்கலில் அதன் பெயர்கூட இல்லை.

அடுத்த மேசையில் நீதானே இருந்தாய்? திருத்து.

ஹெஸ்டர் ஆர்மராய்ட்

*

லண்டன்
11 மார்ச்

அன்புள்ள ஹெஸ்டி,

நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தத் தாளையும் சேர்த்துப் பின் அடித்தது என் கவனக்குறைவு. வெளியே சொல்லிவிடாதே, தாயே. சம்பந்தப்பட்ட ஆள் கண்ணிலேயே இரங்கலைக் காட்டினேன் என்று தெரிந்தால் என் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

ரூபர்ட் வரியை எடுத்துவிட்டேன். முதல் புத்தகத்தையும் சேர்த்தாயிற்று. ஆனால் அந்தக் கம்பி விஷயம் மட்டும் வேண்டாம். டக்வொர்த்துக்குத் தொண்ணூறு வயது, இன்னும் இருக்கிறார். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். "அவ கல்யாணம் கட்டிக்கிட்டுப் போயிட்டா" என்றுதான் இன்றுவரை எல்லாரிடமும் சொல்கிறார். கிழவரை இப்போது சீண்டுவானேன்? 'சொந்தக் காரணங்களால் விலகினார்' என்று மாற்றியிருக்கிறேன். யார் மனசும் புண்படாது.

மூட்டுவலி எப்படி இருக்கிறது? ஈஸ்டருக்கு வருகிறேன். உன் இஞ்சிக் கேக்கில் எனக்கு ஒரு துண்டு எடுத்து வை.

பழைய பக்கத்து மேசைக்காரன்,
டெஸ்மண்டு

*

ஹெப்டன் பிரிட்ஜ்
14 மார்ச்

டெஸ்மண்டு,

பதினோரு பேர் புகையில் மூச்சுமுட்டிச் செத்தது என் சொந்தக் காரணமா?

கடையில் ஒருத்தி நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மா பேரு ஒங்க பொஸ்தகத்துல மட்டுந்தாங்க இருக்கு" என்றாள். ஒருத்தருக்கு மனைவியாக இருந்துகொண்டு பொழுதுபோக்காக எழுதிய புத்தகம் இல்லை அது.

டக்வொர்த் பெயர் வேண்டாம், கம்பி வேண்டாம், மில்லும் வேண்டாம். 'கட்டுரை நிறுத்தப்பட்டதால் விலகினார்.' மூன்றே சொல். முடியுமா, முடியாதா?

ஹெஸ்டர்

*

லண்டன்
20 மார்ச்

அன்புள்ள ஹெஸ்டி,

முடியாது. கோபித்துக்கொள்ளாதே. டக்வொர்த் தினமும் முதலில் படிப்பதே இரங்கல் பக்கத்தைத்தான். நீயும் நானும் போன பிறகு இதையெல்லாம் யார் கவனிக்கப்போகிறார்கள்? கேக்கை மறந்துவிடாதே.

டெஸ்மண்டு

*

ஹெப்டன் பிரிட்ஜ்
2 ஏப்ரல்

டெஸ்மண்டு,

ஈஸ்டருக்கு வர வேண்டாம்.

யார் கவனிப்பார்கள் என்று கேட்டிருந்தாய். நான் கவனிப்பேன். அதைத்தானே இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன்? இப்போது எழுதுவது நம் பழைய மாலைப் பத்திரிகையின் வரலாறு. அந்தக் கம்பி வரும் அத்தியாயத்தை நேற்று முடித்தேன். டக்வொர்த் சொன்னது அப்படியே இருக்கிறது. அவருக்கும் ஒரு பிரதி போகும்.

அறையில் இருந்தவர்களை எழுதும்போது உன் இடத்தில் பேனா நின்றுவிட்டது. உன்னைக் காப்பாற்றத்தான் பார்த்தேன். உன் பெயரைப் போடவில்லை. வாசகமும் நீ கற்றுக்கொடுத்ததுதான்:

'அடுத்த மேசையிலிருந்த நிருபர் எல்லாவற்றையும் பார்த்தார். சொந்தக் காரணங்களால் பேசவில்லை.'

ஹெஸ்டர் ஆர்மராய்ட்