இரத்மலானையில் நின்றுபோன ஊசி

அக்கா,

வெள்ளவத்தையில் டொக்டரின் அறைக்கு வெளியே மகளோடு காத்திருந்தேன். அவளுக்கு மூன்று நாளாகத் தொண்டை நோ. உள்ளே யாருக்கோ ஊசி போட்டிருக்க வேண்டும், ஸ்பிரிட் மணம் வந்தது. என் கை தானாக மகளின் கையைத் தேடியது. ஊசி போடும்போது நீ என் கையைத்தான் நெரிப்பாய். அழமாட்டாய்.

உனக்கும் தொண்டை நோவில்தான் தொடங்கியது. கொட்டாஞ்சேனையில் அம்மாவும் நாமிருவரும் இருந்த ஒற்றை அறையில், ஈரச் சுவரோரம் படுத்தவள் நீ. தொண்டை நோ மாறியதும் முழங்கால்கள் வீங்கின. வாதக் காய்ச்சல், விட்டால் இருதயத்தைத் தாக்கும், இருபது வயது தாண்டும் வரை மாதம் ஒரு ஊசி போட வேண்டும் என்றார்கள். கிளினிக் அடுத்த தெருவில்தான். பள்ளிக்கூடம் விட்டதும் நாமே நடந்து போவோம். ஒருமுறை நீ போகவில்லை. மறுநாள் அங்கு ஊசி போடும் மிஸ்ஸி வேலை முடிந்து போகிற வழியில் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். “எங்க, பிள்ளை நேற்று வரேல்ல?”

பிறகு வீட்டுக்காரர் தன் மகனுக்கு அறையைக் கேட்டார். கொம்பனித்தெருவில் ஒரு வரிசை வீட்டுக்குப் போனோம். அங்கிருந்தும் பஸ் ஏறிப் பழைய கிளினிக்குக்கே அம்மா உன்னைக் கூட்டிப்போனார். ஒரு வருடம் ஆகுமுன் அந்த வரிசை வீடுகளை இடிக்க வந்தார்கள். இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையின் பின்மதிலோரம் இடம் கிடைத்தது. அந்த அலைச்சலில் இரண்டு ஊசி தவறிப்போயிற்று. இந்தமுறை தேடி வர யாருமில்லை. நாம் எங்கே போனோம் என்று மிஸ்ஸிக்கு யார் சொல்வது?

புறக்கோட்டைத் துணிக்கடையில் லீவு எடுத்துக்கொண்டு அம்மா எங்களை இரத்மலானைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அம்மாவுக்குச் சிங்களம் ஓடாது. நீதான் கதைத்தாய். உனக்குப் பதினொரு வயது, எனக்கு ஒன்பது. மேசையில் இருந்தவர், பழைய இடத்துக் கடிதம் இல்லாமல் பதிய முடியாது, கெதியாகக் கொண்டுவாருங்கள், ஊசியை விடக்கூடாது என்றார். எனக்கும் அது விளங்கியது.

“என்னவாம்?” என்றார் அம்மா.

“இனி ஊசி தேவையில்லையாம் அம்மா. சுகமாம்.”

அம்மா அந்த மனிதரைக் கும்பிட்டார். அவர் ஒன்றும் விளங்காமல் அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் உன் காதுக்குள் கேட்டேன். “ஏன் பொய் சொன்னனி?”

“அம்மா இந்த மாசம் நாலு நாள் லீவு. இன்னொருக்கா கேட்டா வேலையால நிப்பாட்டிப்போடுவாங்கள். எனக்கு இப்ப ஒண்டும் செய்யேல்ல. நீ வாயைத் திறக்காத.”

நான் திறக்கவில்லை. நீ ஊசி நோவிலிருந்து தப்பினாய் என்று எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

பதினெட்டு வயதில் படி ஏறும்போது பாதியில் நிற்கத் தொடங்கினாய். இருதயத்தின் ஒரு வால்வு பழுதாகிவிட்டது என்றார்கள். சிறு வயதில் ஊசியை ஏன் விட்டீர்கள் என்று டொக்டர் கேட்டபோது அம்மா, “நிப்பாட்டச் சொன்னது நீங்கள்தானே” என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் நிலத்தைப் பார்த்தேன். ஒப்பரேஷனுக்கு நாள் கிடைக்குமுன், இருபத்தாறு வயதில், வார்டிலேயே போய்விட்டாய். அதற்கு முதல்நாள் நீ கேட்டது ஒன்றுதான். “அம்மாவுக்குச் சொல்லிப்போடாத.”

மகளுக்கு மருந்து எழுதித் தந்த டொக்டர், இரண்டு கிழமை கழித்துக் கட்டாயம் காட்டச் சொன்னார். சரி என்று தலையாட்டினேன். மாத முடிவில் நாங்களும் வீடு விடவேண்டும். அடுத்தது எங்கே என்று இன்னும் தெரியாது.

அம்மா என்னோடுதான் இருக்கிறார். சமைத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கையை நிறுத்திவிட்டுக் கேட்பார். “அண்டைக்கு அந்த மனுசன் ஏன் அப்பிடிச் சொன்னவன்?”

“தெரியாதம்மா.”

அம்மா அவனைத் திட்டத் தொடங்குவார். அவன் பிள்ளைகளையும் சேர்த்துத் திட்டுவார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.