சாம்பிராணிக்குப் பின் ஒன்பது தும்மல்

மார்ச் 5, மாசாய்

பதினோராவது நாளாகத் தும்மல். சளி என்றால் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை.

மகள் லோஷினி மருத்துவமனையிலிருந்து பிள்ளையோடு வந்தும் பதினோரு நாள். முதல் பேரன். இன்னும் தூக்கவில்லை. தேன்மொழியின் உத்தரவு: "சளி விட்டாத்தான் ரூமுக்குள்ள வரணும். பச்சப்புள்ள." மனைவி சொல்வது நியாயம்தான். பிள்ளைக்கு முப்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள், 22ஆம் தேதி, மருமகன் குணாளன் வந்து இருவரையும் சிம்பாங் ரெங்கத்திலுள்ள தம் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்.

மார்ச் 6

சளி மாத்திரை போட்டேன். தூக்கம் மட்டும் வந்தது.

மார்ச் 8

தொழிற்பேட்டைக் காற்றுதான் காரணம் என்று நேற்று எழுதியதை அடித்துவிட்டேன். ஆதாரம் இல்லை. பக்கத்து வீட்டு வேலுவும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார், அவர் தும்மவில்லை. முப்பத்துநான்கு வருடம் நிருபர். புகை என்றால் கை தானாக ஆலை என்று எழுதிவிடுகிறது.

இன்று முதல் நேரம் குறிக்கிறேன்.

மார்ச் 11

8ஆம் தேதி 9.20, ஒன்பது தும்மல். 9ஆம் தேதி 9.35, பதினொன்று. இன்று 9.25, ஒன்பது. மூக்கில் வடிவது வெறும் தண்ணீர். கண்ணும் மேல்வாயும் அரிக்கின்றன. மதியத்துக்குள் அடங்கிவிடுகிறது. நேற்று விடியற்காலையே செடெனாக்கில் ஒரு பள்ளி நிகழ்ச்சிக்குப் போய்விட்டேன். ஒரு தும்மல்கூட இல்லை.

ஒன்பது மணிக்கு வீட்டில் என்ன? பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார்கள். உடனே சாம்பிராணி. கரி கனன்று, வீடு முழுக்கப் புகை.

தேன்மொழியிடம் சொன்னேன்.

"அலமாக்! புள்ளைக்குச் சளி புடிக்கக் கூடாதுன்னுதான் சாம்பிராணியே போடறது. அதுல உங்களுக்குச் சளி வருதா?"

"இது சளியே இல்ல."

"பேப்பர்ல போட்டுக்குங்க."

அறைக்குள்ளிருந்து லோஷினி சிரித்தது கேட்டது.

மார்ச் 13

கிளினிக். டாக்டர் லோகேஸ்வரன் என் குறிப்பை இரண்டு முறை படித்தார். "அண்ணே, எல்லாரும் இப்படி எழுதிக்கிட்டு வந்தா எனக்கு வேலையே இருக்காது." மூக்கினுள் விளக்கடித்துப் பார்த்தார். அலர்ஜி. தூக்கம் வராத மாத்திரை. மூக்குக்கு ஸ்பிரே; தினமும் அடிக்க வேண்டும், பலன் தெரியச் சில நாளாகும். காய்ச்சி ஆறிய உப்பு நீரில் மூக்கைக் கழுவலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், புகையை விட்டு விலக வேண்டும்.

"அலர்ஜி ஒட்டாது, பேரனைத் தாராளமாத் தூக்குங்க. ஆனா அந்தப் புகை புள்ளைக்கும் நல்லதில்ல. வீட்ல சொல்லிடுங்க."

மார்ச் 14

சொன்னேன். தேன்மொழி: "உங்க மகளுக்கும் அப்படித்தான் போட்டேன். அவளுக்கு என்ன ஆயிடுச்சு?"

ஒன்றும் ஆகவில்லைதான்.

லோஷினிதான் பேசினாள். "டாக்டரே சொல்றாரு லா, ம்மா. சாமிக்கு மட்டும் ஊதுபத்தி காட்டுங்க, போதும்."

மார்ச் 17

சாம்பிராணிச் சட்டி கழுவி, பின்வாசலில் கவிழ்த்துக் கிடக்கிறது. தும்மல் இரண்டு. அதுவும் நின்றால்தான் பிள்ளையிடம் போகலாமாம், தேன்மொழியின் உத்தரவு.

மார்ச் 19

தும்மல் இல்லை. "முப்பதுக்குத் தலை முழுகினதும் நானே மடியில குடுக்குறேன். ரெண்டு நாள் பொறுங்க," என்றாள் தேன்மொழி.

மார்ச் 20

மாலையிலிருந்து தொண்டை கரகரப்பு. உடம்பு வலி. கண் அரிக்கவில்லை. வீட்டில் புகையும் இல்லை. காய்ச்சல் 37.9. செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் இருமிக்கொண்டே இருந்தார்.

இது வேறு.

இப்பவா வரணும்? இத்தனை நாள் விட்டுட்டு — நாளைக்குத்தானா?

மார்ச் 21

முப்பது. வீட்டில் பதினைந்து பேர். தேன்மொழி பிள்ளையை நீட்டினாள். "இந்தாங்க தாத்தா."

முகக்கவசத்தோடு பின்வாங்கினேன். "வேணாம். சளி புடிச்சிருக்கு."

"என்னது? சளி இல்ல, அலர்ஜின்னு ஒரு வாரமா என்கிட்ட சண்ட போட்டது யாரு?"

"அது அலர்ஜி. இது சளி."

"மாமா, எந்தக் கட்சின்னு முடிவு பண்ணுங்க," என்றார் குணாளன். எல்லோரும் சிரித்தார்கள். தேன்மொழி மட்டும் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளையை உள்ளே கொண்டுபோய்விட்டாள். வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

நான் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. பேசாமல் வாங்கியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

மார்ச் 22

கார் பத்து மணிக்குப் போனது. ஜன்னல் வழியாகப் போர்வை தெரிந்தது. முகம் தெரியவில்லை.

மார்ச் 25

காய்ச்சல் விட்டது. சளி கெட்டியாகி மஞ்சளாகிவிட்டது. தண்ணீர், ஓய்வு. தேன்மொழி மிளகு ரசம் வைத்தாள். தனி டம்ளர், தனித் தட்டு.

மார்ச் 31

இருமல் நின்றது.

ஏப்ரல் 5, சிம்பாங் ரெங்கம்

ஐந்து நாளாக இருமல் இல்லை, சளி இல்லை. ஸ்பிரே மட்டும் தொடர்கிறது.

லோஷினி எதுவும் கேட்காமல் பேரனை மடியில் வைத்தாள். நாற்பத்தைந்து நாள் பிள்ளை. நினைத்ததைவிடக் கனம்.

குளிப்பாட்டிய கையோடு குணாளனின் அம்மா அடுப்பில் கரியைப் போட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தேன்மொழி எழுந்து போய்விட்டாள்.

"சம்பந்தி, புகை வேணாம். புள்ளைக்கு ஆகாது."

"காலங்காலமா போடறதுதானே?"

"நானும் அப்படித்தான் சொன்னேன்."

பேச்சு நீண்டுகொண்டே போனது. எனக்குக் கை மரத்துவிட்டது. பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.