நீ பாடாமல் விட்ட வரி

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் தம்பியும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல் சண்டித்தனம் செய்கிறது. நீயும் நலம் என்று எழுதிவிடாதே, உண்மையை எழுது.

சனிக்கிழமை உன் கச்சேரியைத் தம்பி டிவியில் போட்டுக் காட்டினான். கீழ்வீட்டு டெய்லரம்மா நாற்காலியோடு வந்துவிட்டாள். நாடகத்தில் உன்னை ராணியாகவும் திருடியாகவும் பார்த்துப் பார்த்து, மேக்கப்புக்குள் என் பெண்ணைத் தேடிக் கண் பூத்துப்போனவள் நான். இந்த முறை வேஷமே இல்லை, ஒரு பியானோ, ஒரு ஸ்டூல், நீ. முன்னால் மேசை மேசையாக ஜனங்கள். பாடுகிறவள் எதிரிலேயே தின்கிறார்களே, வெட்கமாக இருக்காதா என்று கேட்டேன், இந்த மாதிரிக் கச்சேரின்னா அப்படித்தான், நீ சும்மா பாரு என்று அப்பா அதட்டினார். பாட்டுக்கு நடுவே நீ கதை சொன்னாய், நான் திட்டுவதைப் போலவே பேசிக் காட்டினாய், டெய்லரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது. என்னிடம் அப்படிப் பேசி எத்தனை நாளாயிற்று.

கடைசியில் உன்னைப் பெரிய ஆளாக்கிய அந்தப் பாட்டு. உச்சிக்கு ஏறும் வரி வந்ததும் சிரித்துக்கொண்டே மைக்கை ஜனங்கள் பக்கம் நீட்டிவிட்டாய். அவர்களும் பாடிவிட்டு எழுந்து நின்று கைதட்டினார்கள். அக்கா எப்படி எல்லாரையும் பாட வச்சுட்டா பாரும்மா என்று தம்பிக்குப் பெருமை பிடிபடவில்லை. அடி போடி, பெற்றவளுக்கே தண்ணி காட்டுகிறாயா? சைக்கிளிலிருந்து விழுந்து கை முறிந்து வந்த அன்றும் இதே சிரிப்பைத்தான் சிரித்தாய். கொஞ்ச நாளாக ஃபோனை எடுப்பதில்லை, பிஸி பிஸி என்று மெசேஜ்தான் வருகிறது. மேடைக்கு வேண்டுமென்று குரலைச் சேர்த்து வைக்கிறாய், அம்மாவுக்குக்கூடச் செலவழிக்காமல். தொண்டைக்கு என்ன? ஆபரேஷன் என்றால் நான் பயப்படுவேன் என்று மறைக்கிறாயா? பயப்படத்தான் செய்வேன், அதற்காக மறைப்பதா. ஊருக்கு வர லீவு இல்லை என்பதெல்லாம் சாக்கு. வந்தால் சித்தப்பா ஒரு பாட்டுப் பாடும்மா என்பார், விஷயம் வெளியே வந்துவிடும், அதுதானே? அவர் வாயை அடைப்பது என் பொறுப்பு.

பாட்டு இருந்தாலும் போனாலும் நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் எழுது. அங்கே உன் பாட்டுக்காக எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள், எங்களுக்கு நீ வந்தால் போதும். ஒரு வார்த்தை பேசாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திரு. இந்த வீட்டில் பேசுவதற்கு நான் ஒருத்தி இருக்கிறேனே.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா